ரேடியோ அக்கா சொன்ன சுரங்கப்பாதை

யார் பேசினாலும் கூடவே ரேடியோ அக்காவின் உதடும் அசையும். சத்தம் வராது. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர், பேருந்தில் சில்லறைக்குச் சண்டை போடும் நடத்துநர், வாசலில் வந்து நின்று பக்கத்து வீட்டைப் பற்றிக் குறை சொல்லும் எதிர்வீட்டுக்காரி, யாராக இருந்தாலும் சரி. அவர்கள் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இவருடைய உதடுகள் அதை இன்னொரு மொழியில் மென்றுகொண்டிருக்கும். சின்ன வயதில் மகள் அதைப் பார்த்து, அம்மா தனக்குள்ளேயே பாட்டுப் பாடுகிறாள் என்று நினைத்திருந்தாள். பள்ளிக்குப் போன பிறகு அது வெட்கமாகிவிட்டது. ஆண்டு விழாவில் தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருக்க, முன்வரிசையில் உட்கார்ந்து அம்மா வாயசைத்துக்கொண்டிருந்தாள். தோழிகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"அம்மா, கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கமாட்டியா?"

"மூடிக்கிட்டுத்தானே இருந்தேன். சத்தம் வந்துச்சா?"

"சத்தம் வரலை. ஆனா பேசிக்கிட்டே இருந்த."

"பழகிப்போச்சுடி. லைன் எப்பவும் ஆன்லயே இருக்கு."

லைன் என்று அவர் சொன்னது தொலைபேசி லைனை. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு கிடைத்த முதல் வேலை, நெடுஞ்சாலைத் திட்ட அலுவலகத்தில் தொலைபேசி ஆபரேட்டர். மாடிப்படிக்கு அடியில் ஒரு சிறு அறை. சுவரில் பலகை, பலகையில் துளைகள், துளைகளில் செருகக் கயிறு போன்ற வயர்கள். ஒரு மேசை விசிறி. அது தலையைத் திருப்பும்போதெல்லாம் வலிக்கிற மாதிரி முனகும்.

அந்த அலுவலகமே ஒரு கடனால் உண்டானது. துறைமுகத்தையும் உள்நாட்டு ஊர்களையும் இணைக்கிற பழைய சாலையை நாலு தடமாக அகலப்படுத்த வெளிநாட்டு வளர்ச்சி வங்கி ஒன்று அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்திருந்தது. அந்தக் கடனை வங்கி மொத்தமாகத் தூக்கிக் கையில் கொடுத்துவிடாது. வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாக விடும். தவணைக்கு முன்னால் வங்கிக் குழு ஒன்று விமானம் ஏறி வரும். ஜல்லிக்கு மேல் தார் எத்தனை கனம் என்று தோண்டிப் பார்க்கும். வெட்டிய மரத்துக்குப் பதில் மரம் வைத்தார்களா என்று கேட்கும். சாலைக்காக இடத்தை விட்டுக் கொடுத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேர்ந்ததா என்று அவர்களையே கூட்டி உட்காரவைத்து விசாரிக்கும். பிறகுதான் வங்கியில் யாரோ தவணைக்குக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பார்கள்.

அந்தப் பேச்செல்லாம் முதலில் மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை வழியாகத்தான் போய் வந்தது. ஆபரேட்டர் ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது விதி. லைன் சரியாகக் கிடைத்ததா என்று காதில் வைத்துப் பார்க்கலாம் என்பதும் விதி. இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் இருந்த சந்தில் புகுந்துதான் அவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். அதனால் அவருடைய ஆங்கிலம் கொஞ்சம் கோணல். வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் என்னவென்று தெரியாது. அடிமண் இறுக்கத்துக்குத் தெரியும். கல்யாணப் பேச்சு ஒரு வரி வராது. கடன் ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவை மீறினால் தவணை நிற்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவர் பலகையை விட்டு வெளியே வந்தது ஒரு கூட்டத்தில். பள்ளிக்கூட மண்டபம். சாலையோரக் கடைக்காரர்கள், வீட்டுக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழுவின் தலைவி நெட்டையான பெண்மணி. தலை முழுக்க நரை, காலில் சேறு படிந்த பூட்ஸ். ஊர் அவரை அன்றிலிருந்து நரைமுடி அம்மா என்றுதான் சொன்னது. அவர் நின்று நிதானமாக நீளப் பேசினார். மொழிபெயர்க்க வந்திருந்த உதவிப் பொறியாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "எல்லாம் நல்லபடியா நடக்கும்னு மேடம் சொல்றாங்க."

நடுவரிசையில் இருந்த சலூன்காரர் எழுந்தார்.

"தம்பி, அந்தம்மா பேசின நேரத்துக்கு நான் ரெண்டு பேருக்கு முடி வெட்டியிருப்பேன். நீங்க ஒரே இழுப்புல மொட்டை அடிச்சிட்டீங்களே?"

சிரிப்பு அடங்குவதற்குள், மைக் வயரைச் சரிசெய்ய வந்திருந்த ஆபரேட்டர் பெண், "அப்படிச் சொல்லலை" என்றார். மெல்லத்தான் சொன்னார். ஆனால் மைக் அவர் கையில் இருந்தது. "கடை போட்டிருக்கற இடம் உங்க பேர்ல இல்லைன்னாலும் ஈடு உண்டுன்னு சொன்னாங்க. பட்டா இருக்கறவங்களுக்கு மட்டும் இல்ல. உங்க விருப்பத்தைக் கேக்காம உங்களை நகத்தறோம், அதனால நகந்த பிறகு உங்க பொழைப்பு இப்ப இருக்கறதைவிடக் குறையக் கூடாது, அது எங்க சட்டம்னு சொன்னாங்க."

உதவிப் பொறியாளர் நல்ல மனிதர். விட்டது தொல்லை என்று நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மூத்த அதிகாரி மட்டும் பின்னால் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாராம். "விருப்பத்தைக் கேக்காமன்னு எல்லாம் எதுக்கும்மா? கொஞ்சம் மெதுவாச் சொல்லக் கூடாதா?"

"மெதுவாத்தான் சார் சொன்னேன். மைக்தான் சத்தமா இருந்துது."

அன்றைக்குச் சலூன்காரர் வைத்த பெயர்தான் ரேடியோ அக்கா. எங்கிருந்தோ வருவதை அப்படியே கொடுக்கிறாள், நடுவில் விளம்பரம் கிடையாது என்றார்.

பலகையும் வயர்களும் போய், மேசைக்கு மேசை தொலைபேசி வந்து, பிறகு ஆளுக்கு ஆள் கைப்பேசி வந்தது. ரேடியோ அக்கா மட்டும் ஒப்பந்த ஊழியராக அதே அலுவலகத்தில் நீடித்தார். முதல் சாலை முடிந்து இரண்டாவது கடன் வந்தது. மேற்குப் பக்கம் அகலப்படுத்தல் தொடங்கியது. எந்தக் கூட்டமானாலும் நடுநாற்காலி அவருக்கு. அவருக்கு இருந்தது ஒரே ஒரு தொழில் ஒழுக்கம். வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பது. இரண்டு பக்கமும் அதுதான். வசவையும் சேர்த்து.

ஒரு கூட்டத்தில் சலூன்காரர் வங்கிக்காரர்களைப் பார்த்து, "கடன் வாங்கறது கவர்மென்ட்டு. கட்டப் போறது என் பேரன். ரோடு போறது என் கடை மேல. இதுல உங்களுக்கு எங்கய்யா வலிக்குது?" என்று கேட்டார். மேசையில் இருந்த அதிகாரிகள் ரேடியோ அக்காவின் முகத்தையே பார்த்தார்கள், அக்கா இதை எப்படியாவது முழுங்கிவிட வேண்டும் என்பதுபோல. அவர் முழுங்கவில்லை. அந்த எகத்தாளத்தையும் விடாமல் ஆங்கிலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். நரைமுடி அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அது நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை என்றார். அதையும் அக்கா கொடுத்தார். பதில் இல்லை என்று ஒரு பெரிய மனுஷி ஒத்துக்கொண்டதை அந்த ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

மகள் இதையெல்லாம் பின்னால் பலர் வாயால் கேட்டுச் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அப்பா கான்ட்ராக்டரிடம் டிப்பர் லாரி ஓட்டினார். அதே சாலைக்குத்தான் ஜல்லி அடித்தார். வீட்டில் மூன்று பேர், மூன்று பேரின் சாப்பாடும் அந்த ஒரு கடனிலிருந்து வந்தது. "அங்க பேனா நின்னா இங்க லாரி நிக்கும்" என்று அப்பா சொல்வார். பாதி விளையாட்டு, பாதி பயம்.

வளைவு என்று ஒரு குடியிருப்பு. சாலை அங்கே திரும்புவதால் அந்தப் பெயர். வீடுகள் ஒரு பக்கம். பள்ளிக்கூடம், மருந்தகம், சந்தை எல்லாம் எதிர்ப்பக்கம். இரண்டு வண்டி கஷ்டப்பட்டு ஒதுங்கிப் போகிற பழைய சாலையில் அது யாருக்கும் ஒரு பிரச்சினையாகப் படவில்லை. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்குப் பேசிக்கொண்டே கடப்பார்கள். நாலு தடம் வந்து நடுவில் தடுப்புச் சுவரும் வந்தால் ஊர் இரண்டாகப் பிளந்துபோகும்.

வளைவில் சாலையோரமாகத் தையல் கடை வைத்திருந்த அம்மாதான், பள்ளி மண்டபத்தில் நடந்த ஒரு கூட்டத்தில், அதை முதலில் கேட்டவர். அவருடைய வீட்டுக்காரர் பூட்டுச் சாவி வேலை பார்ப்பவர். கால் இரண்டும் சின்ன வயதிலேயே விளங்காமல் போனவர், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் போவார் வருவார். சந்தை வாசலில் அவருக்கு ஒரு நிழல். அந்த நிழலில்தான் அவருடைய தொழில் மொத்தமும்.

"என் கடையை நாளைக்கே பிரிச்சுக்கறேன். புது இடத்துல தைக்கறேன். அதைப் பத்திப் பேச்சே இல்ல" என்றார் தையல்காரம்மா. "இவரு எப்படி அந்தாண்ட போவாரு? அதை மட்டும் சொல்லுங்க."

நரைமுடி அம்மா எழுந்து வெளியே போய்ச் சாலையைப் பார்த்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த பூட்டுக்காரரோடு அந்தப் பக்கம் நடந்து போய், திரும்பி வந்தார். மைக்கை வாங்கிச் சொன்னார்: சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை வரும். படி இருக்காது, சக்கரம் உருளுகிற மாதிரி சரிவாக இருக்கும். அது முடியாமல் இந்த வளைவில் புதிய சாலை திறக்கப்படாது.

ரேடியோ அக்கா சொன்னார்: "ரோட்டுக்கு அடியில சுரங்கப்பாதை வரும். படி கிடையாது. சக்கரம் உருளும். அது முடியாம இங்க புது ரோடு திறக்காது."

வளைவுக்காரர்கள் கேட்டது அவருடைய குரலைத்தான். வெளிநாட்டு அம்மாவின் உதடு அசைந்ததைப் பார்த்தார்கள், காதில் விழுந்தது நம் ரேடியோ அக்கா. அடுத்த வாரமே தையல்காரம்மா தன் கையால் கடையைப் பிரித்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். ஒரு கல் எறியவில்லை, ஒரு வழக்குப் போடவில்லை. திட்டத்தின் மொத்த நீளத்திலும் சச்சரவே இல்லாமல் காலியான இடம் அதுதான் என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பிறகு தார் விலை ஏறியது, இரும்பு விலை ஏறியது. கடன் தொகை போதாது என்று ஆனது. எதை வெட்டலாம் என்று தேடினார்கள். நரைமுடி அம்மாவை வங்கி வேறொரு நாட்டுக்கு மாற்றிவிட்டது. பழைய திட்ட இயக்குநரும் ஓய்வு பெற்றுப் போனார். வளைவுச் சுரங்கப்பாதை வரைபடத்திலிருந்து போய், அந்த இடத்தில் வெள்ளைக் கோடுகளும் 'மெதுவாகச் செல்லவும்' என்ற பலகையும் வந்தன.

விஷயம் தெரிந்ததும் வளைவுக்காரர்கள் அலுவலகத்துக்குப் போகவில்லை. நேரே ரேடியோ அக்காவின் வீட்டுக்கு வந்தார்கள். விடுமுறைக்கு வந்திருந்த மகள்தான் கதவைத் திறந்தாள். வாசல் நிறைய செருப்பு.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் தையல்காரம்மா. கோபம்கூட இல்லை, அதுதான் மகளுக்குத் தாங்கவில்லை. "நீங்க சொன்னதாலதானே பிரிச்சோம்."

அம்மா எல்லோரையும் உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். 'நான் சொல்லலை, அந்தம்மா சொன்னது' என்று ஒரு வார்த்தை போதும். மகள் அதற்காகக் காத்திருந்தாள். அது வரவேயில்லை. "ஆமா, சொன்னேன்" என்றார் அம்மா. "பாக்கறேன்."

அவர்கள் போன பிறகு மகளால் அடக்க முடியவில்லை.

"நீ எதுக்கும்மா ஏத்துக்கற? அது உன் பேச்சே இல்லையே. நீ வெறும் மொழிபெயர்ப்பாளர்."

"வெறுமன்னா?"

"அதாவது... பொறுப்பு சொன்னவங்களுக்குத்தானே. உனக்கு எப்படி வரும்?"

"அவங்க அந்தம்மாவை நம்பியா பிரிச்சாங்க? அந்தம்மா பேசினது அவங்களுக்குக் காக்கா கத்தின மாதிரி." அம்மா காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "என்னை நம்பிப் பிரிச்சாங்க. நம்பும்போது வாங்கிக்கிட்டேன்ல? இப்ப மட்டும் நான் இல்லைன்னா?"

படித்த மகளிடம் அதற்குப் பதில் இருந்தது. சொல்லவும் சொன்னாள். ஆனால் சொல்லி முடித்தபோது தான் ஏதோ வக்கீல் மாதிரிப் பேசியதாக அவளுக்கே பட்டது. எது சரி என்று அவளுக்கு அன்று தெரியவில்லை.

புதிய இயக்குநரைப் போய்ப் பார்த்தார் ரேடியோ அக்கா. அவர் அந்தக் கூட்டத்தின் குறிப்புக் கோப்பைப் புரட்டிக் காட்டினார். "இங்க பாருங்கம்மா. 'பங்கேற்பாளர்கள் கருத்துத் தெரிவித்தனர்', அவ்வளவுதான் இருக்கு. அன்னைக்கு நான் இங்க இல்ல. எழுதினதை வச்சுத்தானே நான் பேச முடியும்?"

"எழுதினவர் அந்த நேரத்துல டீ குடிக்கப் போயிருந்தார் சார்."

இயக்குநர் சிரித்துவிட்டார். கெட்டவர் இல்லை. இருக்கிற கடனுக்குள் இருக்கிற சாலையை முடிக்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. "நீங்க ஏம்மா இவ்வளவு தலையில போட்டுக்கறீங்க? நீங்க ஒரு வயர் மாதிரி. கரன்ட் எங்கிருந்தோ வருது, எங்கயோ போகுது. வயருக்கு என்ன?"

"வயரும் அடிக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கடைசித் தவணைக்கு முன்னால் புதிய குழு வருவதாக இருந்தது. அதே பள்ளி மண்டபத்தில் கூட்டம். அன்று காலை அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி, துணி தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு நீ ஏதாவது பேசப் போறியா?"

"நான் எப்ப என் பேச்சைப் பேசியிருக்கேன்?"

"அதான் பயமா இருக்கு. இத்தனை வருஷம் அடக்கி வச்சதெல்லாம் ஒரே நாள்ல கொட்டிருமோன்னு." பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "தவணையை நிறுத்திட்டான்னா என் வண்டி நிக்கும். உன் ஒப்பந்தம் போகும். இவ படிப்பு இன்னும் முடியலை. நான் வேணாம்னு சொல்லலை. தெரிஞ்சுதான் போறியான்னு கேக்கறேன்."

"தெரியும்" என்றார் அம்மா. தேய்ப்புப் பெட்டியைத் தூக்கி ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

மகள் அன்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேசைக்குப் பின்னால் இயக்குநர், அதிகாரிகள், தடித்த கண்ணாடி போட்ட ஒல்லியான வெளிநாட்டுக்காரர். அவர்தான் புதிய குழுத் தலைவர். நடு நாற்காலியில் அம்மா. மின்விசிறிகள் சத்தம் போட்டன, காற்று மட்டும் வரவில்லை.

தையல்காரம்மா எழுந்து கேட்டார். "சுரங்கப்பாதை போட்டுத்தான் ரோடு திறக்கும்னு வாக்குக் குடுத்தீங்க. எங்க அது?"

அம்மா அதை ஆங்கிலத்தில் சொன்னார். கண்ணாடிக்காரர் இயக்குநர் பக்கம் திரும்பினார். இயக்குநர் ஆங்கிலத்திலேயே, அப்படி ஒரு வாக்கு எந்தக் கூட்டத்திலும் யாராலும் தரப்படவில்லை என்றார்.

மண்டபம் முழுக்க ரேடியோ அக்காவைப் பார்த்தது. இப்போது இதை அவர்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கைச் சொன்ன அதே வாயால், அந்த வாக்கே இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிடுவாள் என்று மகள் நினைத்தாள். அல்லது மாற்றிச் சொல்வாள். தான் அந்த இடத்தில் இருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்பாள்.

அம்மா மாற்றவில்லை. "அப்படி ஒரு வாக்கு எந்தக் கூட்டத்துலயும் யாரும் கொடுக்கலைன்னு டைரக்டர் சொல்றார்." ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. கூட்டத்தில் யாரோ, "அடப்பாவி" என்றார்கள். இயக்குநரைச் சொன்னார்களா அம்மாவைச் சொன்னார்களா என்று தெரியவில்லை.

பிறகு அம்மா மைக்கை மேசைமேல் படுக்கவைத்தார். எழுந்தார். மேசையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து, தையல்காரம்மாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, மற்ற எல்லோரையும் போலக் கையைத் தூக்கினார்.

"மொழிபெயர்க்க யார் இருக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நானே ரெண்டையும் பார்த்துக்கறேன்" என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு திரும்பி ஊருக்கும் அதையே சொன்னார். யாரோ சிரித்தார்கள், சிரிப்பு உடனே நின்றது.

"இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் மத்தவங்க பேச்சு. இது என் பேச்சு" என்றார். "இந்த மண்டபத்துலதான் அந்த வாக்கைக் கொடுத்தோம். உங்களுக்கு முன்னால இருந்த அம்மா அவங்க மொழியில கொடுத்தாங்க, நான் என் மொழியில கொடுத்தேன். அவங்க இப்ப எந்த நாட்டுல இருக்காங்கன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். கூப்பிட்டுக் கேளுங்க. இல்லைன்னு சொன்னா நான் பொய் சொன்னவ, என்னை அனுப்பிடுங்க. ஆமான்னு சொன்னா, வாக்குக் கொடுத்தவங்க உங்க மேசைப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தி. நான் என் பங்குக்கு வந்து உக்காந்துட்டேன்."

ஒவ்வொரு வரியையும் முதலில் ஊருக்கு, பிறகு ஆங்கிலத்தில் மேசைக்கு. தன்னைத் தானே மொழிபெயர்க்கும்போதும் அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் மகள் ஒன்றைக் கவனித்தாள். இத்தனை வருடத்தில் முதன்முறையாக அம்மாவின் குரல் நடுங்கியது. அடுத்தவர் பேச்சைத் தூக்கும்போது நடுங்காத குரல்.

கண்ணாடிக்காரர் கூப்பிட்டுக் கேட்டார். நரைமுடி அம்மா, ஆமாம் என்றாராம். நான் சொன்னது, முழுப் பொறுப்போடு சொன்னது என்றாராம். கடைசித் தவணையை வங்கி நிறுத்திவைத்தது.

லாரிகள் நின்றன. அப்பா பல வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் வண்டியை எத்தனையோ செக்போஸ்ட்ல நிறுத்தப் பாத்தாங்க, ஒருத்தனாலயும் முடியலை. நிறுத்தினது என் பொண்டாட்டிதான்" என்று சொன்னார். அதில் குறை எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று மகளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது. சம்பளம் வராமல் நின்ற மற்ற டிரைவர்களின் வீட்டுப் பெண்கள் சிலர் தெருவில் அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. அம்மா அதை மறுக்கவில்லை. "அவங்க திட்டறதும் சரிதான்" என்றார்.

கடைசியில் சமரசம் ஆனது. சுரங்கப்பாதை தோண்டினால் போட்ட சாலையை உடைக்க வேண்டும், ஆகாது. அதற்குப் பதில் இரும்பில் நடைமேம்பாலம். படிகள் இப்போது, சரிவுப் பாதை அடுத்த கட்டத்தில். வங்கி ஒத்துக்கொண்டது, தவணை வந்தது, லாரிகள் ஓடின. பள்ளிப் பிள்ளைகள் மேம்பாலத்தில் தடதடவென்று ஓடுகிறார்கள். அது கட்டிய பிறகு வளைவில் ஒரு பிள்ளைமேல்கூட வண்டி ஏறவில்லை. அதை மறைத்துப் பேசினால் பாவம். நல்ல சாலைதான். மகள் கல்லூரிக்குப் போனது, வேலைக்குப் போவது எல்லாம் அதில்தான். துறைமுகத்துக்குப் போகிற சரக்கு முன்னைப்போல அழுகிப் போவதில்லை. கடனும் வீண் போகவில்லை, அதைக் கட்டப் போகிற பேரப் பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்பது வேறு விஷயம்.

ரேடியோ அக்காவின் ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிந்தது. புதுப்பிக்கவில்லை. யாரும் அவமரியாதையாக எதுவும் சொல்லவில்லை. இயக்குநர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். பிறகு ஒரு தனியார் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் கொடுத்தார்.

ஆனால் திட்ட அலுவலகத்தை அவர் விடவில்லை. ஒவ்வொரு புது இயக்குநரும் பொறுப்பேற்ற மறுநாள் காலை, மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். அவருடைய பழைய அறையில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். "சரிவுப் பாதை எப்ப வரும் சார்?" என்பது ஒரே கேள்வி. அடுத்த கட்டம் என்பது ஒரே பதில். அந்தப் பதிலை நேராக வளைவுக்கு எடுத்துப் போய்த் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவார். இல்லாததை இருப்பதுபோல் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மகள் ஒருநாள் கேட்டாள், அவங்க மனசு ஆறட்டுமே, 'வந்துரும்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னம்மா? "ஒருதடவை சொன்னதுக்கே நான் இன்னும் நடந்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அம்மா.

மகள் இப்போது ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். மற்றவர்கள் எழுதும் நீண்ட அறிக்கைகளைச் சுருக்கிக் கொடுப்பது. பத்துப் பக்கம் ஒரு பக்கமாகும். சில நாள் அந்த ஒரு பக்கத்தில், 'பங்கேற்பாளர்கள் கருத்துத் தெரிவித்தனர்' என்று தன் விரல்களே தட்டிவிடுகின்றன. அந்த இடத்தில் அவள் நிறுத்தி, அவர்கள் என்னதான் சொன்னார்கள் என்று திரும்பப் போய்ப் படிக்கிறாள். எப்போதும் இல்லை. நேரமிருக்கும்போது. அம்மாவுக்கு நேரமிருந்ததா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

அம்மா போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் தையல்காரம்மாவும் இருந்தார். தலை முழுக்க வெளுத்துப் போயிருந்தது. தனியாகத்தான் வந்திருந்தார். மேம்பாலப் படி ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியது. கூடத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அம்மாவைப் பற்றியே பேசினார். அந்த நாற்காலியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாங்களே, அன்னைக்கு எனக்குக் கூடப் பிறந்தவ கிடைச்ச மாதிரி இருந்துச்சு பாப்பா என்றார். அழுதார். மகளும் அழுதாள்.

கிளம்பும்போது கதவருகே நின்றார்.

"கோபமா கேக்கலை பாப்பா. உனக்கும் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றேன். உங்க அம்மா எங்களுக்கு அந்தப் பாதை பாக்கி."

வங்கி என்று சொல்லலாம். அரசாங்கம் என்று சொல்லலாம். தார் விலை, இரும்பு விலை என்று சொல்லலாம். மகளுக்கு எல்லாக் காரணமும் தெரியும். எதையும் சொல்லாமல், "தெரியும் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

பூட்டுக்காரர் இன்றைக்கும் தன் மூன்று சக்கர வண்டியைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு, சாலையோரமாகவே போய், தடுப்புச் சுவர் எங்கே முடிகிறதோ அங்கே திரும்பி, எதிர்ப்பக்கமாக அத்தனை தூரமும் வந்துதான் சந்தை வாசலை அடைகிறார்.